கிரியேட்டினின் 97இலிருந்து 1.1க்கு இறங்கிவிட்டதா? ரத்தப் பரிசோதனை அலகுகள் குறித்த விவாத இழை

பொருநைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். என் சித்தப்பா மலேசியாவில், கிள்ளானில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு இப்போது திருநெல்வேலிக்கே திரும்பிவிட்டார். அங்கே கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை அறிக்கையும், போன வாரம் பாளையங்கோட்டையில் எடுத்த அறிக்கையும் இப்போது என் கையில் இருக்கின்றன.

கிள்ளான் அறிக்கை: வெறும் வயிற்றுச் சர்க்கரை 7.8, மொத்தக் கொலஸ்ட்ரால் 5.9, கிரியேட்டினின் 97.

பாளையங்கோட்டை அறிக்கை: சர்க்கரை 141, கொலஸ்ட்ரால் 230, கிரியேட்டினின் 1.1.

சர்க்கரையைப் பார்த்துவிட்டுச் சித்தி அழுகிறார். ஏழில் இருந்தது நூற்று நாற்பதுக்கு எகிறிவிட்டதே, ஊர்ச் சாப்பாடு கெடுத்துவிட்டதே என்று புலம்பல். பெரியப்பாவுக்கோ கிரியேட்டினினைப் பார்த்து ஒரே மகிழ்ச்சி. தொண்ணூற்றேழு ஒன்றுக்கு வந்துவிட்டது, தான் கொடுத்த நெருஞ்சில் கஷாயம் சிறுநீரகத்தைக் காப்பாற்றிவிட்டது, இனி ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார். மருத்துவரைப் பார்க்க வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் யாராவது விளக்குங்கள்.

நுண்ணோக்கி:

முதலில் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். மதுரையில் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு அறிக்கைகளும் ஒன்றைத்தான் சொல்கின்றன. சர்க்கரை ஏறவும் இல்லை, கிரியேட்டினின் இறங்கவும் இல்லை. எண்ணுக்குப் பக்கத்துக் கட்டத்தைப் பாருங்கள். கிள்ளான் அறிக்கையில் சர்க்கரைக்கு மில்லிமோல்/லிட்டர் என்றும், கிரியேட்டினினுக்கு மைக்ரோமோல்/லிட்டர் என்றும் இருக்கும். நம் ஊர் அறிக்கையில் மூன்றுக்குமே மில்லிகிராம்/டெசிலிட்டர் என்று இருக்கும். டெசிலிட்டர் என்பது லிட்டரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 மில்லிலிட்டர்.

வாழைப்பழத்தைக் கிலோ கணக்கிலும் வாங்கலாம், டஜன் கணக்கிலும் வாங்கலாம். மில்லிகிராம் என்பது எடைக் கணக்கு. மோல் என்பது எண்ணிக்கைக் கணக்கு, இத்தனை மூலக்கூறுகள் என்று சொல்வது. ஒரு டஜன் பூவனின் எடையும் ஒரு டஜன் நேந்திரனின் எடையும் ஒன்றாக இருக்காது அல்லவா? அதனால்தான் சர்க்கரைக்கு ஒரு பெருக்கல் எண், கொலஸ்ட்ராலுக்கு வேறொரு பெருக்கல் எண்.

உங்கள் சித்தப்பாவின் எண்களையே போட்டுப் பார்ப்போம். குளுக்கோஸின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 180. ஒரு மில்லிமோல் குளுக்கோஸ் 180 மில்லிகிராம். 7.8 மில்லிமோல் என்றால் 1,404 மில்லிகிராம். அது ஒரு லிட்டருக்கு. பத்தால் வகுத்தால் டெசிலிட்டருக்கு 140.4. பாளையங்கோட்டையில் வந்தது 141. சுருக்கமாகச் சொன்னால், சர்க்கரைக்கு 18ஆல் பெருக்கினால் போதும்.

கொலஸ்ட்ராலுக்கு 38.67. ஆக 5.9 என்பது 228. ரத்தத்தில் இருக்கும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடுக்கு இதே எண்ணைப் போடக் கூடாது, அதற்கு 88.57. கிரியேட்டினினில் மைக்ரோமோலை 88.4ஆல் வகுக்க வேண்டும். 97ஐ வகுத்தால் 1.1 வரும். அதாவது கஷாயத்துக்கு முன்னும் பின்னும் அதே சிறுநீரகம்தான். பெரியவர்களில் ஆண்களுக்கு 0.7 முதல் 1.3 வரை வழக்கமாகச் சொல்லப்படும் வரம்பு; மைக்ரோமோலில் 62 முதல் 115. கிள்ளானிலும் அவருக்கு இயல்பாகத்தான் இருந்திருக்கிறது.

கவலைப்பட வேண்டியது சர்க்கரையைப் பற்றி. வெறும் வயிற்றில் 126, அதாவது 7.0, அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு வரம்பு. அவர் அங்கேயும் அதைத் தாண்டியிருக்கிறார், இங்கேயும் தாண்டியிருக்கிறார். மருத்துவரிடம் இரண்டு தாள்களையும் கொண்டுபோங்கள்.

பொருநைக்கரை:

மிக்க நன்றி ஐயா. சித்தியிடம் படித்துக் காட்டிவிட்டேன். மாத்திரை தொடர்கிறது. பெரியப்பாதான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு கேள்வி: உலகம் முழுவதும் ஒரே முறையை வைத்துக்கொண்டால் என்ன? ஏன் இப்படி நாட்டுக்கு ஒன்று?

நுண்ணோக்கி:

முயற்சி நடந்தது. 1971இல் பன்னாட்டு அலகு முறையில் மோல் ஓர் அடிப்படை அலகாகச் சேர்க்கப்பட்டது. 1977இல் உலகச் சுகாதார மன்றம் மருத்துவத்திலும் பன்னாட்டு அலகுகளையே பயன்படுத்தும்படி பரிந்துரைத்தது. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா போன்றவை மாறிக்கொண்டன. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சர்க்கரை மில்லிமோலில்தான் வரும். அமெரிக்காவும் நாமும் மில்லிகிராமிலேயே இருந்துவிட்டோம்.

வேதியியல் பார்வையில் மோல் கணக்கு நேர்த்தியானது. உடலில் ஒரு மூலக்கூறு இன்னொரு மூலக்கூறோடுதான் வினைபுரிகிறது, எடையோடு அல்ல. ஆனால் பல வருடமாக 126, 200 என்று மனத்தில் பதித்துக்கொண்ட மருத்துவரையும் நோயாளியையும் ஒரே நாளில் மாற்றினால் தவறு நேரும் என்ற அச்சம் நியாயமானது. எனக்கு எந்த முறை என்பது பெரிதில்லை. எண்ணைச் சொல்லும்போது அலகையும் சேர்த்துச் சொல்லும் பழக்கம் வராததுதான் வருத்தம்.

வன்னியூர்:

நான் லண்டனில் இருக்கிறேன். இங்கே மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, அதுதான் எச்பிஏ1சி, சதவீதத்தில் வருவதில்லை. எனக்கு 53 என்று வந்தது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் பெரியம்மாவோடு கதைக்கும்போது சொன்னேன். அவருக்கு 8.1. ‘உனக்கு ஐம்பத்து மூன்றா’ என்று பதறிப்போய் உறவுக்காரர் எல்லோருக்கும் தொலைபேசி எடுத்துவிட்டார். இதற்கும் 18ஆல் பெருக்குவது போல ஏதாவது எண் இருக்கிறதா?

நுண்ணோக்கி:

இதற்கு வெறும் பெருக்கல் போதாது. சதவீதத்திலிருந்து 2.15ஐக் கழித்து, வருவதை 10.929ஆல் பெருக்க வேண்டும். பழைய முறை சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபினோடு வேறு சிலவற்றையும் சேர்த்து அளந்தது. பிறகு வந்த பன்னாட்டு அளவை முறை அந்த ஒன்றை மட்டும் துல்லியமாக அளக்கிறது. அதனால்தான் நடுவில் ஒரு கழித்தல். அலகு மில்லிமோல்/மோல், ஆயிரம் ஹீமோகுளோபினில் எத்தனை மீது சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று படித்துக்கொள்ளலாம்.

மனத்தில் வைத்துக்கொள்ள: 6 சதவீதம் 42. நீரிழிவு என்று சொல்லும் 6.5 என்பது 48. 7 என்பது 53. 8 என்பது 64, 9 என்பது 75, 10 என்பது 86. ஒரு சதவீதம் கூடினால் ஏறத்தாழ 11 கூடும். உங்களுக்கு 7, பெரியம்மாவுக்கு 8.1, லண்டன் கணக்கில் 65. உங்களைவிட அவர்தான் கவனமாக இருக்க வேண்டும் என்று பக்குவமாகச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊரில் ஹீமோகுளோபினே கிராம்/லிட்டரில் வரும். இங்கே 12.8 என்பது அங்கே 128. அதைப் பார்த்து ரத்தம் ஊறிவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

கொங்குச் செல்வி:

இந்த இழையைப் படித்ததும் எங்கள் வீட்டில் டெங்கு வந்தபோது பட்ட பாடு நினைவுக்கு வந்தது. மகளுக்குக் காய்ச்சல், கோயம்புத்தூரில் சேர்த்திருந்தோம். முதல் நாள் அறிக்கையில் பிளேட்லெட் 1.12 என்று இருந்தது. மறுநாள் வேறு இயந்திரமாம், 98 என்று வந்தது. மூன்றாம் நாள் 1,05,000. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வெறும் எண்ணை மட்டும் என் நாத்தனார் போட்டுக்கொண்டே இருந்தார். 98ஐப் பார்த்து ‘நூறு மடங்கு கூடிவிட்டது, பப்பாளி இலைச் சாறு வேலை செய்கிறது’ என்று ஒருவர். ‘வெறும் தொண்ணூற்றெட்டு பிளேட்லெட் வைத்துக்கொண்டு பிள்ளை எப்படி உயிரோடு இருக்கும்’ என்று இன்னொருவர். ரத்தம் கொடுக்க ஆள் கிளம்பிவிட்டார்கள். அந்த மூன்று எண்ணுக்கும் என்ன பொருள் என்று இன்றுவரை எனக்கு முழுதாகத் தெரியாது.

நுண்ணோக்கி:

அம்மா, நம் ஊருக்கே உரிய சிக்கல் இது. நாம் லட்சத்தில் எண்ணுகிறோம், இயந்திரம் ஆயிரத்தில் எண்ணுகிறது.

1.12 என்பது லட்சம்/கன மில்லிமீட்டர், அதாவது 1,12,000. மறுநாள் வந்த 98 என்பது ஆயிரம்/மைக்ரோலிட்டர், அதாவது 98,000. கன மில்லிமீட்டரும் மைக்ரோலிட்டரும் ஒரே அளவுதான், பெயர்தான் இரண்டு. மூன்றாம் நாள் 1,05,000 என்று முழுதாக அச்சிட்டிருக்கிறார்கள். ஆக 1,12,000, பிறகு 98,000, பிறகு 1,05,000. ஒரு சிறு இறக்கம், ஒரு சிறு ஏற்றம், அவ்வளவுதான். இயல்பு வரம்பு ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை. வெளிநாட்டு அறிக்கையில் 150 முதல் 450 என்று இருக்கும். அங்கே பத்தின் ஒன்பதாம் அடுக்கு/லிட்டர் என்று போடுவார்கள். எண் மாறாது.

வெள்ளை அணுக்களுக்கும் அப்படித்தான். 7,500 என்றாலும் 7.5 என்றாலும் ஒன்று.

இரவுப்பணி:

நான் செவிலியர். டெங்கு பேச்சு வந்ததால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிளேட்லெட் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். ஹீமடோக்ரிட் என்று, ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஒரு சதவீதம் அதே தாளில் இருக்கும். அது ஏறிக்கொண்டே போய், பிளேட்லெட் வேகமாக இறங்கினால், ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது என்று பொருள்படலாம். விடாத வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், பிள்ளை துவண்டு கிடப்பது, இவற்றில் எது இருந்தாலும் எண் எதுவாக இருந்தாலும் உடனே மருத்துவமனை.

அலகுக் குழப்பத்தில் நான் கண்ணால் கண்ட மோசமானது கொரோனா காலத்து டி-டைமர், ரத்தம் உறைவதைக் கண்டறியும் பரிசோதனை. ஒரு தாளில் 0.6, இன்னொன்றில் 600, மூன்றாவதில் 300. முதலாவது மைக்ரோகிராம்/மில்லிலிட்டர். இரண்டாவது நானோகிராம்/மில்லிலிட்டர், ஆயிரம் மடங்கு, ஆனால் அதே அளவு. மூன்றாவதும் நானோகிராம்/மில்லிலிட்டர்தான், ஆனாலும் பாதி! ஏனென்றால் சில கருவிகள் ஃபைப்ரினோஜனுக்குச் சமமாக்கிச் சொல்லும், அதை எஃப்.இ.யூ. என்று குறிப்பார்கள். சில கருவிகள் டி-டைமரின் எடையையே சொல்லும், அது டி.டி.யூ. எஃப்.இ.யூ. எண் டி.டி.யூ. எண்ணைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்த மூன்று எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் தொலைபேசியில் சொன்னால், கேட்கிற மருத்துவருக்கே ஒன்றும் பிடிபடாது. படுக்கை கிடைக்குமா என்று பத்து இடத்துக்கு எண்ணை அனுப்பிக்கொண்டிருந்த குடும்பங்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

மூத்த குடிமகன்:

எல்லாம் படித்தேன். ஆனால் மாறுபட்ட கருத்து ஒன்றைச் சொல்ல வேண்டும். பொதுமக்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? அறிக்கையை மருத்துவரிடம் கொடுத்தால் அவர் பார்த்துக்கொள்வார். அரைகுறையாகக் கணக்குக் கற்றுக்கொண்டு தாங்களே மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும்தான் நடக்கும். இணையத்தில் அலகு மாற்றும் கருவியும் இருக்கிறது, வேண்டுமென்றால் அதில் போட்டுக்கொள்ளட்டும்.

இரவுப்பணி:

ஐயா, மருந்தைத் தாங்களே மாற்றக் கூடாது என்பதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் கணக்குத் தெரியாததால்தானே இந்த இழையில் ஒருவர் மாத்திரையை நிறுத்தப் பார்த்தார்? நெஞ்சு வலியோடு சிறிய ஊர் மருத்துவமனையிலிருந்து எங்களிடம் வருகிறவர்களைப் பாருங்கள். இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் அங்கே 0.04, நானோகிராம்/மில்லிலிட்டர். எங்களிடம் 38, நானோகிராம்/லிட்டர். வண்டியில் வந்த ஒரு மணி நேரத்தில் ஆயிரம் மடங்கு ஏறிவிட்டது என்று மகன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். 0.04ஐ லிட்டருக்கு மாற்றினால் 40. அதை அவருக்கு எடுத்துச் சொல்ல அந்த நேரத்தில் யாருக்கும் ஓய்வில்லை. அப்படி மாற்றினாலும் வெவ்வேறு நிறுவனக் கருவிகளின் ட்ரோபோனின் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது என்பது வேறு. அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். ஆயிரம் மடங்கு ஏறவில்லை என்று தெரிந்திருந்தால் அந்த மகனுக்கு அந்த வேதனை வந்திருக்காது.

நுண்ணோக்கி:

மாற்றும் கருவியைப் பற்றி: அதில் பொருளின் பெயரைச் சரியாகத் தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டும். யூரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பி.யூ.என். என்று கொடுப்பார்கள். யூரியாவில் இருக்கும் நைட்ரஜனின் எடை மட்டும் அது. நம் ஊர் ஆய்வகங்கள் பல யூரியாவின் முழு எடையைத் தருகின்றன. யூரியாவின் மூலக்கூறு எடை 60, அதில் நைட்ரஜன் 28. ஆகவே பி.யூ.என்.ஐ 2.14ஆல் பெருக்கினால்தான் யூரியா. மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கிவிட்டு வரும் பெற்றோருக்கு அங்கே 18, இங்கே 38 என்று வரும். இரண்டிலும் மில்லிகிராம்/டெசிலிட்டர் என்றே அச்சிட்டிருக்கும்! அலகு ஒன்று, பொருள் வேறு. கருவியில் போட்டாலும் இது பிடிபடாது.

கல்லீரல் நொதிகளிலும் இப்படி ஒன்று உண்டு. எஸ்.ஜி.பி.டி., ஆல்கலைன் பாஸ்படேஸ் எல்லாம் யூனிட்/லிட்டரில்தான் வரும். ஒரு யூனிட் என்பது எடையல்ல, வேலைத்திறன். ஒரு நிமிடத்தில் ஒரு மைக்ரோமோல் பொருளை மாற்றும் அளவு நொதி ஒரு யூனிட். எந்த வெப்பநிலையில், எந்தக் கரைசலில் அளந்தார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். அதனால் அந்தந்த ஆய்வகம் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் இயல்பு வரம்போடு மட்டுமே ஒப்பிட வேண்டும். தொடர்ந்து கண்காணிக்க வேண்டிய நோய் என்றால் கூடுமானவரை ஒரே ஆய்வகத்துக்குப் போங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான்.

மூத்த குடிமகன்:

யூரியா விஷயம் எனக்குப் புதிது. நன்றி. ஆனால் மருத்துவரிடம் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்பதில் மாற்றமில்லை.

கிள்ளான் வாசி:

எங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் உள்ளே வந்தேன். மனைவிக்குச் சென்னையில் பார்த்தபோது வைட்டமின் டி 22. இங்கே பார்த்தால் 54. மாத்திரை எடுத்ததால் கூடியதா, அலகா? தைராய்டு டி.எஸ்.எச். மட்டும் இரண்டிலும் 3 சொச்சம்தான்.

நுண்ணோக்கி:

வைட்டமின் டி நானோகிராம்/மில்லிலிட்டரை 2.5ஆல் பெருக்கினால் நானோமோல்/லிட்டர். 22 என்பது 55. எனவே அப்படியே இருக்கிறது, மாத்திரையால் பெரிதாக மாற்றமில்லை. பி12க்கு பிகோகிராம்/மில்லிலிட்டரை 0.738ஆல் பெருக்கினால் பிகோமோல்/லிட்டர். டி.எஸ்.எச்.இல் மைக்ரோ யூனிட்/மில்லிலிட்டரும் மில்லி யூனிட்/லிட்டரும் ஒன்றே, மேலும் கீழும் ஆயிரம் அடிபட்டுப்போகும். சோடியம், பொட்டாசியத்திலும் மில்லி ஈக்விவலன்ட் (மின்னூட்டத்தை எண்ணும் அலகு), மில்லிமோல் இரண்டுக்கும் ஒரே எண். கால்சியத்தில் அப்படி எண்ணிவிடாதீர்கள், அது இரட்டை மின்னூட்டம் உடையது, மில்லி ஈக்விவலன்ட் எண் மில்லிமோலைப்போல் இரண்டு மடங்காகிவிடும்.

உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. பார்ப்பவர்கள் மில்லிகிராம்/லிட்டரா, மில்லிகிராம்/டெசிலிட்டரா என்று பாருங்கள். பத்து மடங்கு வேறுபாடு. குழந்தைக்குக் காய்ச்சல் நேரத்தில் இந்தப் பத்து மடங்கு தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

வன்னியூர்:

கடைசியாக ஒன்று. அம்மா கிளிநொச்சியில் தனியாக இருக்கிறார், இன்சுலின் போடுகிறார். இங்கேயிருந்து தங்கை ஒரு சர்க்கரை பார்க்கும் கருவி வாங்கி அனுப்பினாள். நேற்றுக் காலை 3.6 காட்டியதாம். அவருடைய கிளினிக் கொப்பியில் எல்லாம் நூறு, நூற்றைம்பது என்றுதான் எழுதியிருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா, மெஷின் பழுது என்று சொல்லித் தூக்கி வைத்துவிட்டாராம்.

இரவுப்பணி:

தம்பி, மெஷின் பழுதில்லை. 3.6 என்றால் 65. தாழ்சர்க்கரை. இன்றே அழைத்துப் பேசுங்கள். பிரிட்டனில் விற்கும் கருவிகள் மில்லிமோலில் காட்டும், பெரும்பாலானவற்றில் அதை மாற்ற முடியாது.

ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கருவி உறையில் ஒட்டச் சொல்லுங்கள்: 3.9 என்றால் 70. 7 என்றால் 126. 10 என்றால் 180. 11.1 என்றால் 200. 16.7 என்றால் 300. 3.9க்குக் கீழே காட்டினால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, கால்மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் குறைவாகவே இருந்தால் திரும்பவும் குடிக்க வேண்டும். மயக்கமாகக் கிடந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸ்தான். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். இன்சுலின் அளவைப் பற்றி இந்த வாரமே கிளினிக்கில் கேட்கச் சொல்லுங்கள், கருவியையும் கையோடு கொண்டுபோகட்டும். முடிந்தால் அங்கேயே, மில்லிகிராமில் காட்டும் கருவி ஒன்றை வாங்கிக் கொடுப்பது நல்லது. அதற்கான சோதனைப் பட்டியும் அங்கேயே கிடைக்கும்.

வன்னியூர்:

இப்போதுதான் கதைத்தேன் அக்கா. கருவியைத் திரும்ப எடுத்துவிட்டார். இப்போது 6.2 காட்டுகிறதாம், 112 என்று நானே கணக்குப் போட்டுச் சொன்னேன். பக்கத்து வீட்டு அக்காவின் மகள் தாளில் எழுதிக்கொண்டிருக்கிறாள். புதுக் கருவிக்கு யாழ்ப்பாணத்தில் பெரியம்மாவின் மகனிடம் சொல்லியிருக்கிறேன்.